மின்வாரியம் எந்தக் கட்டையில் பாடுகிறது?

ஆவடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். மாலை ஐந்தரை மணி. பூ அலங்காரக்காரர்கள் இன்னும் ஏணியில் நிற்கிறார்கள். பேஸ் கிடாரின் கேபிளைச் செருகி வால்யூமைத் திறந்தேன். ஸ்பீக்கரிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சவுண்டுக்காரத் தம்பி தலையைத் தூக்காமலே சொன்னான்: "அண்ணே, ஹம் அடிக்குது. உங்க லைன்தான்."

தந்தியில் கை வைத்தேன். கொரகொரப்பு போயிற்று, அடியில் இருந்த முனகல் போகவில்லை. கிடாரோடு சேர்ந்து மெல்லத் திரும்பிப் பார்த்தேன். ஒரு கோணத்தில் சத்தம் பாதியாக இறங்கியது. "அண்ணே, அப்படியே நில்லுங்க!" என்றான் தம்பி. அன்று மூன்று மணி நேரம் மணமக்களுக்கு முதுகைக் காட்டி, பந்தி நடக்கும் கதவைப் பார்த்தபடி வாசித்தேன். சாம்பார் வாளி எத்தனை முறை போய் வந்தது என்று கேட்டால் இன்றும் சொல்வேன்.

அந்த முனகலுக்கு ஒரு சுருதி உண்டு. நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை ஊசலாடுகிறது. பேஸ் கிடாரின் தடித்த தந்தியில் மூன்றாம் ஃப்ரெட்டை, அதாவது மெட்டை, அழுத்தினால் வருவது ஜி, 49 ஹெர்ட்ஸ். அதற்கு அடுத்த ஜி ஷார்ப் 51.9 ஹெர்ட்ஸ். நம்மூர் வழக்கில் ஜி என்றால் ஐந்து கட்டை, ஜி ஷார்ப் ஐந்தரை. ஆக, மின்வாரியம் பாடுவது ஐந்துக்கும் ஐந்தரைக்கும் இடையில், ஐந்தைச் சற்று ஒட்டி. கர்நாடகப் பாடகிகள் பலரும் எடுத்துக்கொள்ளும் சுருதியும் இந்த வட்டாரம்தான், சில ஸ்தாயி மேலே.

பாட்டு ஐந்து கட்டையில் இருந்துவிட்டால் தொலைந்தது. என் 49-உம் மின்வாரியத்தின் 50-உம் ஒன்றோடொன்று மோதி, நொடிக்கு ஒரு முறை சத்தம் ஏறி இறங்கும். பிளஸ் ஒன் இயற்பியலில் 'விம்மல்' என்று படித்தோமே, அதேதான். நான் நீட்டிப் பிடிக்கும் ஒவ்வொரு ஜி-யும் யாரோ தேம்புவது போலக் கேட்கும். தென்மாநில மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31 அன்று நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு இணைந்தது. இப்போது நாடு முழுவதற்கும் துடிப்பு ஒன்றுதான். அதுவும் அசையாமல் நிற்பதில்லை, 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. எங்கோ வடக்கே ஒரு பெரிய அனல்மின் அலகு திடீரென்று நின்றால், ஆவடி மண்டபத்தில் என் ஜி-யின் விம்மல் ஓர் இம்மி மெதுவாகும். எனக்குக் கேட்காது, கணக்குக்குத் தெரியும்.

இந்த வாத்தியம் பிறந்தது 60 ஹெர்ட்ஸ் நாட்டில். 1930களில் சியாட்டிலில் பால் டுட்மார்க் ஒரு முயற்சி செய்தார். கடைக்குக் கடை போய்ச் சேர்ந்தது, 1951-இல் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ். 34 அங்குலத் தந்தி, நான்கு தந்திகள், தோளில் மாட்டும் பலகை உடம்பு. இன்றைக்கு எந்த நாட்டுத் தொழிற்சாலையிலிருந்து வந்தாலும் பெரும்பாலான பேஸ்கள் அந்த அளவைத்தான் பின்பற்றுகின்றன. கலிஃபோர்னியாவில் யாருக்கோ அளவெடுத்த சட்டையை நாம் அம்பத்தூரில் மாட்டிக்கொண்டு திரிகிறோம். நமக்கென்று அளவெடுத்துச் செய்யச் சொன்னால் என்னென்ன மாறும்?

நான் செய்யச் சொன்னேன். என்ன விலை என்று கேட்காதீர்கள். வீட்டில் சொன்ன தொகை வேறு.

செய்பவர் பட்டாபிராமில் இருக்கிறார். டூல் ரூமில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பின்கட்டில் ஒரு மேசை, ஒரு பேண்ட் சா, சுவரில் வெர்னியர் காலிப்பர். முதல் நாளே ஒரு வார்த்தை சொன்னார்: "என்ன மரம் போடுவீங்கன்னுதான் சார் எல்லாரும் கேக்குறாங்க. டென்ஷன் எவ்வளவு வேணும்னு ஒருத்தரும் கேக்கறதில்ல."

டென்ஷன் என்றால் இழுவிசை. ஒரு தந்தி என்ன சுருதியில் பாடும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: நீளம், இழுவிசை, ஒரு மீட்டருக்கு எவ்வளவு எடை. மாரின் மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1636-இல் அச்சிட்ட விதி இது. நீளத்தை இரட்டிப்பாக்கினால் சுருதி பாதியாகும். இழுவிசையை நான்கு மடங்காக்கினால் சுருதி இரட்டிக்கும். எடையை நான்கு மடங்காக்கினால் சுருதி பாதியாகும். நம் பக்கத்திலும் இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டிய ஒருவர் உண்டு. சிலப்பதிகாரத்திலிருந்து பழைய யாழ்களை மீட்டெடுக்கத் தந்திகளையும் அதிர்வுகளையும் கணக்கிட்டு, 1947-இல் 'யாழ்நூல்' வெளியிட்ட விபுலாநந்த அடிகள். தமிழில் தந்தியின் இயற்பியல் பற்றி எழுத உட்காருகிற எவருக்கும் முன்னோடி அவர்தான்.

எனக்கு ஐந்தாவது தந்தி தேவைப்பட்டது. நான்கு தந்தி பேஸ் 41.2 ஹெர்ட்ஸ் ஈ-யோடு நின்றுவிடும். இப்போதைய சினிமாப் பாட்டுகளில் கீபோர்டில் போடும் பேஸ் அதற்கும் கீழே இறங்குகிறது. ஆர்கெஸ்ட்ராவில் அந்த இடம் வரும்போது நான் ஒரு ஸ்தாயி மேலே ஏறி வாசித்தால் பாட்டின் தரை விலகியது போலிருக்கும். கீழே ஒரு பி தந்தி வேண்டும், 30.9 ஹெர்ட்ஸ். இந்தத் தேவை உலகத்துக்குப் புதிதில்லை. நியூயார்க்கில் அந்தோணி ஜாக்சன் என்ற வாசிப்பாளர் கீழே ஒன்று மேலே ஒன்று என்று கூட்டி, ஆறு தந்தி வைத்த பேஸைக் கார்ல் தாம்ப்சன் என்பவரிடம் செய்யச் சொல்லி வாங்கினார். அது 1975 வாக்கில்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 34 அங்குல நீளத்தில், சாதாரணமாக மாட்டும் ஈ தந்தி மீட்டருக்குச் சுமார் 32 கிராம். பதினாறரை கிலோ எடையைத் தொங்கவிட்டது போல இழுத்துப் பிடித்தால் 41.2 வரும். பி தந்தி மீட்டருக்குச் சுமார் 54 கிராம். இவ்வளவு கனமாக்கியும் இழுவிசை பதினாறு கிலோவைத் தொடுவதில்லை. அதனால்தான் பல ஐந்து தந்தி பேஸ்களில் பி தந்தி கொடியில் காயும் வேட்டி மாதிரித் தொளதொளக்கிறது. இன்னும் தடிமனாகப் போட்டால் என்ன? போடலாம், ஆனால் தடிமன் கூடக் கூடத் தந்தி கம்பியின் குணத்தை விட்டுக் கடப்பாரையின் குணத்துக்கு வந்துவிடும். விறைப்பு ஏறினால் அதன் மேற்சுரங்கள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஒழுங்காக நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே விலகும், சுருதி கலங்கியது போல் கேட்கும். நடுவே மெல்லிய எஃகுக் கம்பி, அதன்மேல் இன்னொரு கம்பியைச் சுற்றுவது என்ற ஏற்பாடே இதற்காக வந்ததுதான். எடை ஏறும், விறைப்பு ஏறாது.

மிச்சமிருக்கும் வழி, நீளம். 35 அங்குலமாக்கினால் அதே தந்தி, அதே சுருதிக்கு ஆறு சதவீதம் கூடுதலாக இழுபடும். ஓர் அங்குலத்துக்கு ஆறு சதவீதம் நல்ல பேரம். ஆனால் தந்தி தொடங்கும் நட்டிலிருந்து முதல் ஃப்ரெட்டுக்கு 48.5 மில்லிமீட்டராக இருந்த தூரம் 49.9 ஆகிவிடும். காகிதத்தில் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. இரவு பத்து மணிக்கு இருபத்தெட்டாவது பாட்டில் என் சுண்டு விரலுக்கு அது தெரியும். தடித்த தந்திக்கு அதிக நீளம், மெல்லிய தந்திக்குக் குறைந்த நீளம் என்று ஃப்ரெட்டுகளை விசிறி போலச் சாய்த்துப் பதிக்கும் முறைக்கு ரால்ஃப் நோவாக் 1989-இல் காப்புரிமை வாங்கினார். பட்டாபிராம்காரர் அதை வேண்டாம் என்றார். "சார், நீங்க இருட்டுல வாசிக்கிறவர்." மண்டபத்தில் புகை மெஷின் போட்டால் ஃப்ரெட் தெரியாது என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

ஃப்ரெட் வெட்டும் நாளன்று போயிருந்தேன். தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகளும் கரி கலந்த மெழுகின்மேல் உட்கார்ந்திருக்கும். காதால் கேட்டு இப்படி அப்படி நகர்த்தி வைப்பார்கள், சில வருடம் கழித்து மெழுகு இறங்கினால் திரும்பவும் வைப்பார்கள். இங்கே அந்தச் சலுகை கிடையாது. ரம்பம் ஒரு தடவைதான் போகும். கணக்கு என்னவோ எளிது. ஓர் அரைச் சுரம் ஏற, மிச்சமிருக்கும் தந்தி நீளத்தை 1.05946-ஆல் வகுக்க வேண்டும். பன்னிரண்டு முறை வகுத்தால் சரியாகப் பாதி. கலிலியோவின் அப்பா வின்சென்சோ, லூட் வாத்தியத்துக்கு 18-க்கு 17 என்ற பின்னத்தை வைத்து இதையே கிட்டத்தட்டச் சாதித்தார், 1581-இல்.

"அரை மில்லி தப்பினா?" என்று கேட்டேன். முதல் ஃப்ரெட்டில் தப்பினால், ஓர் அரைச் சுரத்தை நூறு பங்காக்கினால் அதில் ஒரே ஒரு பங்குதான் பிசகும், யார் காதுக்கும் எட்டாது. இருபதாவது ஃப்ரெட்டில் அதே அரை மில்லி மூன்று பங்காகிவிடும். மிச்சத் தந்தி அங்கே குட்டையாக இருப்பதால் ஒவ்வொரு மில்லிக்கும் மதிப்பு ஏறுகிறது. அவர் பதில் சொல்லாமல் காலிப்பரை என் கையில் கொடுத்தார். ஒன்பதாவது ஃப்ரெட் வரை அளந்தேன். பிசகு எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை. அளந்ததற்குக் காபி கிடைத்தது.

மரத்தைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் சண்டைதான் அதிகம். மின் பேஸின் உடம்பு எந்த மரம் என்பது ஒலியில் பெரிதாக ஏறுவதில்லை என்பது என் கட்சி. நமக்கு வீணைக்குப் பழகிய பலா மரமே போட்டோம். விரல் படும் பலகைக்கு ஈட்டி. மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்த மரம்தான் உலகத்துக் கிடார்களின் விரல்பலகையாகப் பல காலம் போய்க்கொண்டிருந்தது. 2017-இல் சர்வதேச வணிகக் கட்டுப்பாடு வந்து இசைக்கருவிக்காரர்கள் எல்லாரும் சான்றிதழுக்கு அலைந்தார்கள், 2019 கடைசியில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கிடைத்தது.

மரம் முக்கியமாவது கழுத்தில், அதாவது நெக்கில். ஐந்து தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 95 கிலோவுக்கு இழுக்கின்றன, இரண்டு சிமென்ட் மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. அந்த இழுப்பில் வில்லாக வளையாமல் நிற்க, உள்ளே ஒரு எஃகுக் கம்பி ஓடுகிறது. ட்ரஸ் ராடு. கிப்சன் கம்பெனியில் தாடியஸ் மெக்ஹியூ 1920களில் கொண்டுவந்த உத்தி. ஒரு திருகைத் திருப்பினால் வளைவு கூடும், குறையும். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதமாக இருந்தால் மரம் தன் உலர்ந்த எடையில் 16 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் பிடித்து வைத்திருக்கும். 50 சதவீதக் காற்றில் ஒன்பதுக்கு இறங்கும். அகலவாக்கில் உப்பும் சுருங்கும், நீளவாக்கில் மிகக் கொஞ்சம்தான் அசையும். ஆனால் நெக் ஒரு மரம், விரல்பலகை வேறு மரம் என்பதால் இரண்டும் வேறு வேறு அளவில் உப்பி நெக் வளையும். ஏசி மண்டபத்துக்குள் நுழைந்ததும் சுருதி ஏறிவிடுகிறதே, அதற்கு மரத்தைத் திட்டாதீர்கள். மரத்துக்கு நாட்கணக்கு ஆகும். பத்தே நிமிடத்தில் குளிர்ந்து சுருங்குவது எஃகுத் தந்தி. அதனால் நான் டியூன் செய்வது மண்டபத்துக்குள் போய்க் கால்மணி நேரம் கழித்துத்தான். நெக்குக்கு அவர் பழைய வீட்டை இடித்து வந்த தேக்கு நிலையைப் பிளந்து, மூன்று பட்டையாக ஒட்டினார், நடுப்பட்டையின் ரேகையைத் திருப்பிப் போட்டு.

இனி முனகலுக்கு வருவோம். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செப்புக்கம்பி, அவ்வளவுதான். 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டது: காந்தப்புலம் மாறினால் சுருளில் மின்சாரம் பிறக்கும். எஃகுத் தந்தி காந்தத்தின் மேல் அசைந்தால் புலம் மாறும், சுருளில் தந்தியின் சுருதி பிறக்கும். ஆனால் சுருளுக்குத் தராதரம் கிடையாது. பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் புலம் மாறினாலும் அதே மரியாதையோடு வாங்கிக்கொள்ளும். மண்டபத்தில் நான் திரும்பி நின்றபோது சத்தம் குறைந்தது, அந்தப் புலக்கோடுகள் சுருளைக் குறுக்கே வெட்டாமல் பக்கவாட்டில் நழுவியதால்.

கம்பி முடியைவிட மெல்லியது, 0.063 மில்லிமீட்டர். என் பழைய பிக்கப்பை மீட்டரில் வைத்தால் பத்தரை கிலோ ஓம் காட்டியது. இந்தக் கம்பி மீட்டருக்கு ஏறக்குறைய 5.4 ஓம். வகுத்துப் பாருங்கள், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு டப்பாவில் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் கம்பி. இந்த வேலைக்கு வெளியூர் போகத் தேவையில்லாத பகுதி நம்முடையது. பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் ஸ்டார்ட்டர் மோட்டார் செய்கிறது, அம்பத்தூரில் 1964-இல் வந்த தொழிற்பேட்டையின் சந்துகளில் காயில் கட்டிப் பழகிய கைகள் ஏராளம். என் பிக்கப்பைச் சுற்றியவர் பகலில் பம்ப் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். அறுந்துவிடாமல் இவ்வளவு மெல்லிய கம்பியை இழுப்பதுதான் அவருக்கே புதிது. முதல் நாள் நாலு தடவை அறுந்தது.

செய்தது 1957-இல் ஃபெண்டர் செய்த அதே தந்திரம். சுருளை இரண்டாக உடைத்து, தடித்த தந்திகள் ஒரு பாதியின் மேலும் மெல்லிய தந்திகள் மறுபாதியின் மேலும் ஓடும்படி வைத்தோம். ஒன்றில் கம்பி இடம்சுழி, மற்றதில் வலம்சுழி. வெளியிலிருந்து வரும் முனகல் இரண்டிலும் ஒரே நேரத்தில் நுழைகிறது. ஒன்றில் மேலே போகும்போது மற்றதில் கீழே போகிறது, கூட்டினால் பூஜ்யம். தந்தியின் சத்தம் ஒரு பாதியில் மட்டும் பிறப்பதால் அழிவதற்கு ஜோடி இல்லாமல் தப்பித்துவிடுகிறது. எனக்கு இயற்பியலில் பிடித்த கழித்தல் இது. ஐந்து தந்தியை எப்படிப் பிரிப்பது என்பதில் மட்டும் ஒரு வாரம் வாக்குவாதம், கடைசியில் இரண்டு-மூன்று.

இவ்வளவும் செய்து 31 ஹெர்ட்ஸை உண்டாக்கினால் அதைக் கேட்பது யார்? சென்னைச் சூட்டில் காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. பி தந்தியின் ஓர் அலை பதினோரு மீட்டருக்கு மேல். மண்டபமே ஒன்றரை அலை, இரண்டு அலைதான் இருக்கும். எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் அலை வருகிற அலையோடு சேர்ந்து, சில வரிசைகளில் இடியாகவும் சில வரிசைகளில் ஒன்றுமே இல்லாமலும் ஆகிவிடும். சுவரோரம் உட்காரும் பெரியவர்களுக்குத்தான் எப்போதும் தூக்கல். சத்தம் அதிகம் என்று புகார் அங்கிருந்தே வருவதற்கு வயது மட்டும் காரணமில்லை.

வீடியோவாகச் செல்போனில் பார்க்கிறவருக்கோ, அந்த ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸே வராது. ஆனாலும் ஈ கேட்கும். 82, 123, 165 என்று மேற்சுரங்கள் 41 இடைவெளி விட்டு வருவதைக் கவனித்து, இல்லாத 41-ஐ மூளையே போட்டுக்கொள்கிறது. இளையராஜாவின் ஒலிப்பதிவுகளில் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனின் விரல்களை ஒரு தலைமுறை கேட்டது டீக்கடை ரேடியோவிலும் மொஃபசல் பஸ்ஸிலும்தான். அந்த ஸ்பீக்கர்களில் அடிச்சுரம் பெரும்பாலும் கிடையாது. கேட்டவர்களே பாதி பேஸ் வாசித்திருக்கிறார்கள்.

ஆறு மாதம் கழித்து வாத்தியம் வந்தது. 3.7 கிலோ. பெல்ட் மாட்டும் கொக்கியைப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேராகக் கொண்டுவந்திருந்தார், அதனால் கையை எடுத்தாலும் தலை சாயவில்லை. செருகினேன், வால்யூமைத் திறந்தேன். மௌனம். எந்தப் பக்கம் திரும்பினாலும் மௌனம். அப்புறம் ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசித்து வந்தபோது, மெல்லிய ஜி தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட்டில் சி மட்டும் மற்றவை பாடும் நேரத்தில் பாதியிலேயே செத்தது.

அவர் முகம் சுருங்கியது. இது வெட்டியதில் வந்த பிசகு இல்லை. நெக்குக்கென்று சொந்தமாக ஓர் அதிர்வு உண்டு. தந்தியின் சுருதி அதோடு ஒத்துப்போகும் இடத்தில் நெக் தானும் ஆடத் தொடங்கி, தந்தியின் சக்தியை உறிஞ்சிவிடும். ஜெர்மனியில் ஃப்ளைஷரும் ஸ்விக்கரும் 1990களில் கிடார் நெக்குகளை அதிரவைத்து அளந்து இதை உறுதி செய்தார்கள். பெரிய கம்பெனி பேஸ்களிலும் ஏறக்குறைய இதே இடத்தில் இந்த ஊமைப் புள்ளி இருக்கும். சி அங்கே 131 ஹெர்ட்ஸ். நெக்கின் அதிர்வை அழிக்க முடியாது, நகர்த்தலாம். நுனியில் எடை கூடினால் அதிர்வு கீழே இறங்கும்.

மேசை டிராயரிலிருந்து ஒரு சின்ன சி-கிளாம்பை எடுத்தார். நெக்கின் தலையில், தோல் துண்டு வைத்து இறுக்கினார். "இப்ப வாசிங்க சார்." சி முழுசாகப் பாடியது. ஒரு ஃப்ரெட் கீழே போய் நான்காவதில் பி வாசித்தேன், அது செத்தது. ஊமை நாலங்குலம் தள்ளிக் குடிபோயிருக்கும் என்று எதிர்பார்த்தவனுக்கு அடுத்த வீட்டிலேயே அகப்பட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் ரிசப்ஷன். முதல் பாட்டு நாலு கட்டை, எஃப் மேஜர். அதில் பி ஃப்ளாட் உண்டு, பி-க்கு வேலை கிடையாது. கிளாம்போடு போனேன்.